விலக விரும்புவோர் இங்கே அழுத்தவும்

உங்கள் விசாரணை அலுவலகத் தேநீரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம் அம்மா, ஆனால் இதில் இலை குறைவு, தூசி அதிகம். பைக்குள் அடைத்து நூல் கட்டிவிட்டால் உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள். நல்லதாக ஒரு பொட்டலம் அனுப்பி வைக்கச் சொல்கிறேன். லஞ்சம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பழக்க தோஷம், அவ்வளவுதான்.

மின்கோ அண்ணனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். எங்கள் கிடங்கின் கேட்டுக்கு வெளியே, பனியில் அவர் இறந்து கிடந்ததற்கு நான் காரணமா என்று. சொல்கிறேன். முதலில் தொழிலைச் சொல்லியாக வேண்டும். தொழில் தெரியாதவர்களுக்கு நான் செய்தது என்னவோ போலத் தோன்றும்.

என் அப்பா ப்ளோவ்திவ் நகரத்துக் கடைவீதியில் ஆட்டுத்தோல் கோட்டு விற்றவர். பேரம் படியாமல் ஆள் வெளியே நடந்தால் மற்ற கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். அப்பா திட்ட மாட்டார். ஆவி பறக்கும் காபிக் கோப்பையோடு வாசல் வரை போய் அவன் கையில் திணித்துவிடுவார்.

"வாங்காட்டி போங்க அண்ணே, யாரு வேணாம்னா. கோட்டு புடிக்கலேன்னா காபி என்ன பாவம் பண்ணுச்சு? குடிச்சிட்டுப் போங்க."

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட எவனுக்கும் மனம் வராது. நின்று குடிப்பான். குடிக்கிற நேரத்தில் அப்பா அவன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். காபியின் மண்டி தெரியும்போது கோட்டு அவன் தோளில் ஏறியிருக்கும். அந்தக் கடையில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.

தோல் வியாபாரம் படுத்த பிறகு இந்த மலையடிவாரத்து மூலிகைத் தேநீர் நிறுவனத்துக்கு வந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஊர் ஊராக இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் போகும். குளிர் வருகிறது, காட்டுத் துளசி வாங்குங்கள், இந்த மாதிரி. அதை எழுதுவதும் பட்டியலைப் பராமரிப்பதும் என் வேலை. கடிதத்தின் அடியில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். நிறுவனத்தின் முழு முகவரி, அப்புறம் 'விலக விரும்புவோர் இங்கே அழுத்தவும்' என்ற பொத்தான். நான் இரண்டையும் வைத்தேன். பொத்தானைச் சாம்பல் நிறத்தில், சிறியதாக வைத்தேன். சட்டத்தில் நிறம் சொல்லவில்லை.

அப்படியும் ஆட்கள் கண்டுபிடித்து அழுத்தினார்கள். முதலாளியம்மா கெர்கினோவா மாதக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்.

"பென்ச்சோ, இந்த மாசம் எத்தன பேரு கழண்டுக்கிட்டாங்க?"

"கொஞ்சம் பேருதாங்க."

"உன் தலையில முடியும் கொஞ்சந்தான் கழண்டிருக்கு. பாக்குறவங்களுக்கு வழுக்கைதான் தெரியுது. பட்டியல் இன்னும் இளைச்சா கம்பெனிய வித்துட்டு நான் கடற்கரைப் பக்கம் போயிடுவேன். நீ போயி ஆட்டுத்தோல் உரி."

அப்போதுதான் யொர்தான்கா பிறந்தாள்.

பொத்தானை அழுத்தியவருக்கு இயந்திரம் ஒரு நன்றி சொல்லி அனுப்பிவிடும். அதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக யொர்தான்கா என்ற பெண் கைப்பட எழுதுவதுபோல நானே எழுத ஆரம்பித்தேன். பெயரை யோசித்துத்தான் வைத்தேன். ஸ்டைலான பெயர் என்றால் சந்தேகம் வரும். யொர்தான்கா என்றால் ஐம்பது வயது இருக்கும், முழங்கால் வலி இருக்கும், ஊறுகாய் போடத் தெரியும். அவளிடம் யாரும் முகத்தில் அடித்ததுபோலப் பேச மாட்டார்கள்.

மின்கோ அண்ணனின் முதல் கடிதம் இலையுதிர் காலத் தொடக்கத்தில் வந்தது. லோவெச் ஊர்க்காரர், ஓய்வு பெற்ற லாரி மெக்கானிக்.

"இது என் சம்சாரம் ஸ்டோய்னா பேருல வந்துக்கிட்டிருந்த கடுதாசி. அவ போயி சேந்துட்டா. எனக்கு இலைத் தண்ணி குடிக்கிற பழக்கமில்ல. பேர எடுத்துடுங்க."

யொர்தான்கா எழுதினாள்: "எடுத்துடறேன் மின்கோ அண்ணே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அக்கா எந்த இலைய விரும்பிக் குடிப்பாங்க?"

இதில் என்ன குற்றம் என்று காட்டுங்கள். ஒரு கோப்பை காபி, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நீளமாகப் பதில் வந்தது. லிண்டன் மரத்துப் பூ போட்ட தேநீர், தேன் கொஞ்சம் தூக்கலாக. அவர் கிரீஸ் கையோடு கோப்பையைத் தொட்டால் அக்கா எப்படிக் கத்துவார் என்பது உட்பட எல்லாம் இருந்தது. கடைசி வரியில் லிண்டன் பூ இரண்டு பொட்டலம் கேட்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினால் யொர்தான்கா எழுதுவாள் என்று கிழவர் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடிதம் போய்ச் சேர்ந்ததும் அழுத்துவார்.

"நான் போறேன் யொர்தான்கா. இந்த வாட்டி நெசமாவே போறேன்."

"போங்களேன், இங்க யாரு உங்க கையப் புடிச்சா? ஆமா, ரேடியேட்டர் ஒழுகுதுன்னீங்களே, மெக்கானிக்கு வந்தானா?"

"அடியே, நான்தான் மெக்கானிக்கு."

ஒவ்வொரு முறையும் வாங்கினார். அவர் வீட்டு அலமாரி நிறையப் பிரிக்காத பொட்டலங்கள் இருந்தன என்று மகள் சொன்னதாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. இருக்கட்டும். குடிக்க வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. அவர் மட்டுமில்லை, யொர்தான்காவிடம் அப்படிப் பலர் இருந்தார்கள். பட்டியல் தேறியது. கெர்கினோவா அம்மா என் வழுக்கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

தவறு என்று ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரி ஆறு யொர்தான் பெயர்க்காரர்களுக்கெல்லாம் பெயர் நாள், பிறந்தநாளைவிடப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். அதற்கு முந்தின கடிதத்தில், 'என் பெயர் நாளுக்காக உங்களுக்கு விலையில் தள்ளுபடி' என்று யொர்தான்கா எழுதினாள். வியாபாரத்துக்கு நல்ல வரிதான். பெயர் நாளுக்கு நம் ஊரில் யாரும் யாரையும் அழைப்பதில்லை, அறிந்தவர்கள் தாமாகவே வந்து கதவைத் தட்டுவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. அடியில் முகவரி வேறு இருந்தது. அதைப் போடச் சொன்னது நான் இல்லை, உங்கள் சட்டம்.

அன்று கிடங்குக்கு விடுமுறை. பள்ளத்தாக்கில் ஏறி வரும் பேருந்து எங்கள் கேட்டுக்கு முன்னால்தான் திரும்பும். மதியத்துக்கு மேல் அதிலிருந்து அவர் இறங்கினார். கோட்டுக்கு மேல் டை தெரிந்தது. ஒரு கையில் கார்னேஷன் பூக்கள், மறு கையில் துண்டு சுற்றிய தட்டு. கேட்டை ஆட்டிப் பார்த்தார். கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு போனில் எழுதினார்.

"யொர்தான்கா, வாசல்ல நிக்கறேன். நூறு வயசு இரு தாயி. கேட்டு பூட்டியிருக்கு. சீஸ் வெச்சு பனீட்சா சுட்டு எடுத்தாந்தேன், அடி கொஞ்சம் கருகிடுச்சு. சிரிக்காத."

யொர்தான்கா எழுதினாள்: "ஐயோ அண்ணே, நான் கடைக்கு வந்திருக்கேன். இதோ வந்துடறேன், அங்கயே நில்லுங்க."

அம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். அவர் கார்னேஷன் வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மேல்மாடியில்தான் இருந்தேன். விடுமுறை நாளில் வேலை நன்றாக ஓடும். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான்.

ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். யொர்தான்கா என்பது வழுக்கைத் தலையோடு, தொந்தியோடு நிற்கும் பென்ச்சோ என்று தெரியும். அன்றே விலகுவார். லோவெச் முழுக்கச் சொல்வார். எத்தனையோ தனி ஆட்களுக்கு இருந்த ஒரே பேச்சுத் துணை அந்த நிமிடமே செத்துப்போகும். நான் அதைக் காப்பாற்றினேன்.

பனி விழ ஆரம்பித்தது. கடைசிப் பேருந்து வந்து திரும்பி நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு எழுதினார்.

"கடைசி பஸ்ஸு, தாயி. டிரைவர் திட்டறான். ஏறிடட்டுமா?"

இங்கேதான் அம்மா, தொழில் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம். தெரியாதவன் 'சரி, இன்னொரு நாள் வாங்க' என்று எழுதியிருப்பான். இன்னொரு நாள் என்று போனவர் எவரும் எங்கள் கடைக்குத் திரும்பியதில்லை.

"ஏறாதீங்க அண்ணே. கடைசி வளைவுல வந்துக்கிட்டிருக்கேன், ரோட்ல பனி, வண்டி ஊர்ந்துதான் வருது. நீங்க போயிட்டா அந்தப் பனீட்சாவ நான் யாரோட சாப்பிடுவேன்?"

அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார். பேருந்து போய்விட்டது. மறைக்க மாட்டேன், அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு யொர்தான்காவின் டயர் பஞ்சரானது. பிறகு ஒரு லாரி வழியை மறித்தது. அவர் பூக்களைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, கேட்டோரமாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார். துண்டைப் பிரிக்கவில்லை. இருட்டும் நேரத்தில் என் திரையில் ஒரு விலகல் வந்து விழுந்தது. அந்தக் குளிரிலும் போன வாரக் கடிதத்தைத் தேடியெடுத்து, அந்தச் சாம்பல் பொத்தானை அழுத்தியிருந்தார். ஒன்றும் எழுதவில்லை. அழுத்தினால் நான் பதில் போடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

போட்டேன். "போயிடாதீங்க அண்ணே, வந்துட்டேன்" என்று போட்டேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, பின்பக்கக் கதவு வழியாக இறங்கி, மரக்கட்டை வண்டிகள் போகும் பாதையில் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். அவர் எழுந்து கீழ்க் கிராமத்துக்கு நடந்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும். கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தேன், தொப்பி மேல் பனி படிந்திருந்தது, அவர் தட்டிவிடவில்லை என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பனி அள்ளும் வண்டிக்காரன் பார்த்தபோதும் தட்டு மடியில்தான் இருந்ததாமே.

நான் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை, கட்டிப் போடவில்லை. அவர் விலகவில்லை. கடைசி வரை பட்டியலில் இருந்தார். இந்தத் தொழிலில் எத்தனை பேர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

மகள் நெத்காவைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த வாரம் அப்பாவின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து, பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கூடவே ஒரு வரி: "அக்கா, அன்னிக்கு அந்தப் பனியில நீங்க பத்திரமா வீடு போய்ச் சேந்தீங்களா? அப்பா உங்களப் பத்திதான் பேசுவாரு."

பதில் போடாமல் இருக்க முடியுமா? வண்டி பனியில் சிக்கிவிட்டது, கேட்டு வரை வந்து சேர முடியவில்லை, அன்றிலிருந்து தூக்கமே இல்லை என்று யொர்தான்கா எழுதினாள். நெத்காதான் ஆறுதல் சொன்னாள். இப்போதெல்லாம் வாரம் தவறாமல் எழுதுகிறாள். லிண்டன் பூ வாங்குகிறாள். அவளிடம் நீங்கள் உண்மையைச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். அதன் பிறகு அவள் யாருக்கு எழுதுவாள் என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். முடிந்ததும் என் போனைக் கொஞ்ச நேரம் கொடுத்தால் நல்லது. இன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் எழுதியிருப்பாள், பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள். ஆட்களைக் காத்திருக்க வைக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.