டொக்குனு ஒரு சத்தம்

ஒரு தோள் எறங்கினதுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல், இழுத்து விட்டா அஞ்சு நிமிஷ வேலை... இதையேதானே தம்பி மூணாவது தடவையா கத்துறீங்க? நர்ஸுக்கும் காது கேக்குது, எனக்கும் கேக்குது. வலியில உங்க சம்சாரத்துக்குத்தான் எதுவும் கேக்கலை. உட்காருங்க. எக்ஸ்ரேக்கு இன்னும் ரெண்டே பேர்தான்.

யாரு இழுத்து விடுவா? உங்க மாமாவா? அவருக்கு என்ன வேலை? லாரி மெக்கானிக்கா! நல்லது, டயர் கழண்டா கூப்பிடுங்க.

கோவிச்சுக்காதீங்க, என் வாய் அப்படி. அந்தா, ஜன்னலோரம் வலது கையைக் கைக்குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். பெயிண்டர். சீலிங் வேலைன்னா அவரைத்தான் தேடி வருவாங்க. ஏணி சறுக்கி, ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சுத் தொங்கினதுல தோள் எறங்கிடுச்சு. வீட்லயே இழுத்து விட்டாச்சு. டொக்குனு ஒரு சத்தம், வலி போச்சு. மறுநாளே ரோலரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

மூட்டு உள்ள போயிட்டா சரியாயிடும்னுதானே நீங்களும் நினைக்கிறீங்க? உள்ளுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சது கிழிஞ்சதுதானாம். அப்புறம் சட்டை மாட்டினா எறங்குது, தூக்கத்துல புரண்டா எறங்குது. ஒவ்வொரு தடவையும் ஒரு இழுப்பு. அஞ்சாவது தடவை சத்தமே வேற. எலும்பு விண்டு, நரம்பும் போச்சு. ஆச்சு எட்டு மாசம். டம்ளரைப் பிடிக்கிறார், தலை வாரத்தான் கை மேல போகலை. அந்த நரம்பு இனிமே வராதும்மான்னு போன வாரம் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டார். இன்னைக்கு அவர்கிட்டயே சொல்லப் போறாராம். எதனாலங்கறதையும் சேர்த்து.

யாரு இழுத்ததா? கான்வென்ட்ல முதலுதவிக்குக் கப்பு வாங்கின ஒரு மகராசி. அக்குள்ல காலை முட்டுக் கொடுத்து, ரெண்டு கையாலயும்... நான்தான் தம்பி.

அவர் இன்னும் ஏணியைத்தான் திட்டிட்டிருக்கார். என் சம்சாரம் பாதி டாக்டராக்கும்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை வேற. தெருவையே வாயால அடக்குறவ நான். எட்டு மாசமா இந்த ஒண்ணுதான் வாயில வரலை.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? அய்யோ, அந்தக் கையைப் பிடிச்சு எழுப்பாதீங்க! மெக்கானிக் மாமாகிட்டயேதானா? சரி, உங்க இஷ்டம்.

போற போக்குல அந்த ஜன்னல்கிட்ட ஒரு நிமிஷம் நின்னு, ஏணி இல்லீங்க, உங்க சம்சாரம்தான்னு அவர்கிட்ட நீங்க சொல்லிட்டுப் போங்களேன்.

தம்பி?