காவடிக்கு வந்தவன்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் அப்போதுதான் வாங்கிய மயிலிறகுக் கட்டு.

“காவடி எடுக்க வந்தான், விசா போச்சு” என்றார் அவர், பஸ் கிளம்பியதும்.

“என்னக்கா சொல்றீங்க?”

“என் மகன் லண்டன்ல படிச்சு முடிச்சிட்டான்லா. பாஸானா தைப்பூசத்துக்குக் காவடின்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். அதுக்குத்தான் வந்தான். படிச்சவங்க அங்கேயே ரெண்டு வருசம் வேலை பாக்க ஒரு விசா இருக்கு. அதுக்கு அந்த நாட்டுல இருக்கும்போதே மனு போடணுமாம். இவன் இங்க இருக்கான், படிப்பு விசா போன வாரம் முடிஞ்சிருச்சு.”

“தம்பிக்குத் தெரியாதா?”

“ஆன்லைன்ல போடுறதுதானே, எங்கேருந்து போட்டா என்னன்னு நெனைச்சுட்டான்.”

“தம்பியோட அப்பாவுக்குமா தெரியல?”

நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தேன். அந்த அக்கா மயிலிறகுகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

“அவரு எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுதான் டிக்கெட் எடுத்தாரு. வர்றதுக்கு மட்டும்.”