துவைக்காத துணியில் நான் தைப்பதில்லை

பெயர் கேட்டால் எங்கள் தெருவில் 'போர்வைக்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். வயது ஐம்பத்திரண்டு. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் மாடி வீடு. கீழே நாங்கள், மேலே என் கொழுந்தனும் அவர் மனைவியும், அதாவது என் ஓரகத்தி. எனக்குப் பிள்ளைகள் இல்லை. முதல் பரிசு வாங்கிய என் போர்வையை ஓரகத்தி கண்காட்சியில் வைத்து வெட்டிப் பாழாக்கியது பற்றி நான் கொடுத்த புகாரின் பேரில், யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே சொல்லும் வாக்குமூலம் இது.

துணித் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடித்துணியோடு கையாலேயே தைத்துப் போர்வை செய்வது என் வேலை. மண்டலப் போர்வைக் கண்காட்சியில் இதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் ஆறுதல் பரிசு. ஆறுதல் பரிசு என்றால் 'பாவம், இவளும் வந்தாள்' என்று அர்த்தம். இந்த வருடத் தலைப்பு 'நினைவு'. யாராவது உடுத்திய துணியில்தான் தைக்க வேண்டும் என்பது விதி.

ஓரகத்தியின் ஒரே மகள் ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் போட்ட கவுன்கள் அத்தனையும் நான் தைத்தவை. துணி எடுத்தது நான், பொத்தான் வைத்தது நான், "கிச்சுகிச்சு மூட்டாதீங்க பெரிம்மா" என்று நெளிந்து ஓடுகிறவளைப் பிடித்து நிறுத்தி அளவெடுத்ததும் நான். குழந்தை போன பிறகு ஓரகத்தி அந்தக் கவுன்களைத் துவைக்காமல், ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி அலமாரியில் வைத்தாள். மத்தியானங்களில் பையைப் பிரித்து, முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டால் உடனே முடிச்சுப் போடுவாள். ஒருநாள் நானும் கொஞ்சம் முகர்ந்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டேன். "வேணாம்க்கா, திறக்கத் திறக்க வாசனை குறைஞ்சுடும்" என்றாள். பெற்றவளுக்கு மட்டும்தான் மூக்கு இருக்கிறதா? அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதன் பிறகு ஓரகத்தி தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக வெளியூர் போனாள். அந்தப் பையைக் கொழுந்தனிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க அண்ணி, அது இருக்கிற வரைக்கும் இவ தேற மாட்டா" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் திரும்பி வந்து கேட்டபோது, ஏதோ ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன், எந்த இல்லம் என்று ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவள் ஊரிலுள்ள இல்லங்கள் எல்லாம் ஏறி இறங்கினாள். அங்கே விளையாடுகிற பெண் குழந்தைகளின் சட்டையை நின்று நின்று பார்க்கிறாள் என்று ஓரிடத்தில் விரட்டியும் விட்டார்களாம். வெயிலில் அலைகிறாளே என்று தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தனுப்பியது நான்தான். அவள் தெருமுனை தாண்டியதும் கதவைச் சாத்திவிட்டுத் தைக்க உட்காருவேன்.

துணி கைக்கு வந்ததும் முதல் வேலை துவைப்பதுதான். துவைக்காமல் தைத்தால் பின்னால் சுருங்கி இழுக்கும், சாயம் ஓடும். நடுவர்கள் ஈர வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பொட்டுச் சாயம் ஒட்டினாலும் போச்சு. அதனால் வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்துக் கசக்கினேன். துவைக்குமுன் முகர்ந்து பார்த்தீர்களா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். பார்த்தேன். பவுடரும் பாலும் கலந்த வாசனை. ஒவ்வொரு கவுனாக, போதும் போதும் என்கிற வரைக்கும் முகர்ந்துவிட்டுத்தான் தண்ணீரில் போட்டேன்.

போர்வைக்கு முதல் பரிசு கிடைத்தது. கவுன்களின் சட்டைப் பைகளைப் பிரிக்காமல் பைகளாகவே வைத்துத் தைத்திருந்ததை நடுவர்கள் மெச்சினார்கள். அதன் பிறகு ஓரகத்தியைக் கண்காட்சிக்கு வரச் சொன்னது நான்தான். வீட்டில் ஒருத்திக்குப் பரிசு என்றால் மற்றவள் வந்து பார்க்க வேண்டாமா? கொழுந்தன் வேண்டாம் அண்ணி என்று இழுத்தார். அவர் எப்போதும் மதில்மேல் பூனை.

மண்டபத்தில் போர்வைகளைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் தொடக்கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள்தான் முனையைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். ஓரகத்தி என் போர்வைக்கு முன்னால் வந்து நின்று, முதலில் ரிப்பனைப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு மஞ்சள் பூப்போட்ட சட்டைப் பையைப் பார்த்தாள். கையுறைப் பெண் தடுப்பதற்குள் அதில் முகத்தைப் புதைத்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "துவைச்சிட்டீங்களாக்கா?" என்றாள்.

"பின்னே, அழுக்கோடவா தைப்பாங்க?" என்றேன்.

அதன் பிறகு அவள் பக்கத்து மேசையில் தையல் செய்து காட்டுவதற்காக வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஆத்திரத்தில் கண்டபடி வெட்டினாள் என்று மற்றவர்கள் சொல்லியிருந்தால் அது தவறு. தையலோரமாகப் பார்த்துப் பார்த்து வெட்டினாள். ஒவ்வொரு துண்டையும் பிரித்து, தண்ணீர் படாத இடம் எங்காவது இருக்குமா என்று உள்மடிப்பை மூக்கில் வைத்துப் பார்த்து, கீழே போட்டுவிட்டு, அடுத்ததை வெட்டினாள். பைகளின் மூலைக்குள் விரலை விட்டு, அந்த விரலையும் முகர்ந்தாள். கத்தரிக்கோலுக்குப் பயந்து யாரும் கிட்டே போகவில்லை. காவலாளி வந்து கையைப் பிடிக்கிறபோது போர்வையில் அடித்துணியும் பஞ்சும்தான் மிச்சம். ஒரு துண்டைக்கூட அவள் எடுத்துப் போகவில்லை. என் துவைப்பு அப்படி.

நேற்று, மிச்சத் துணி ஏதாவது இருந்தால் விசாரணைக்கு எடுத்து வரும்படி ஒரு பெண் காவலர் வீட்டுக்கு வந்து சொன்னார். அந்தப் பையில் வந்த ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. கம்பளி போர்வைக்கு ஆகாது என்பதால் அதை மட்டும் துவைக்கவில்லை. இத்தனை நாளும் என் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். துவைக்காதது ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் காவலருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவங்ககிட்ட குடுத்துடலாமா அம்மா?" என்றார். தாராளமாகக் கொடுக்கலாம், நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

அவர் போன பிறகு உறையிலிருந்து அதை எடுத்து, கடைசியாக ஒருதரம் முகத்தில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்தேன். கம்பளி வெந்நீரில் சுருங்கும் என்று தெரியும், சுருங்கியிருக்கிறது. காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

சொன்னதையெல்லாம் உதவி ஆய்வாளர் வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி.

கையெழுத்து: போர்வைக்காரம்மா