பதினேழாம் நம்பர் கண்ணாடி

1954-ம் வருஷம் ஆடி மாதம் 9-ந் தேதி காலை, சங்கரன்கோவில் போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் விசாரித்ததில் எதிரி துரைப்பாண்டி சொன்னது.

என் பெயர் துரைப்பாண்டி. தகப்பனார் பெயர் மூக்காண்டி. வயது 56. நாலாம் வகுப்பு வரை படித்தவன். தெற்கு ரத வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என்னைப்போல் படம் பிடிக்கிறவன் மதுரைக்குத் தெற்கே கிடையாது. கவர்னரே ஒரு தடவை ரயிலை நிறுத்தி என் கேமராவைப் பார்த்துவிட்டுப் போனார்.

என் அக்காள் மகன் நல்லகண்ணு சென்னையில் புற்றுநோய் டாக்டர். அவன் 1950-ம் வருஷம் லீவில் வந்து, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கும் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதன்பேரில், அவனைக் குருவிகுளம், ராயகிரி எல்லாம் கூட்டிப்போய் முந்நூறு பெண்களை வாய் திறக்க வைத்துப் படம் பிடித்தேன். சப் இன்ஸ்பெக்டர் திரும்பக் கேட்டதில், படம் பிடித்தது பதினேழு பேர். பதினேழாவது ஆள் என் மனைவி பிச்சம்மாள். "புண்ணையுமா படம் புடிப்பாக" என்று சொல்லி, மூக்குத்தியை முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தக் கன்னத்தில் புகையிலையோ அந்தக் கன்னத்தில்தான் புண் என்று கண்டுபிடித்தவன் நல்லகண்ணு. அடுத்த தை மாதம் பிச்சம்மாள் இறந்துபோனாள்.

அதன் பிறகு நல்லகண்ணு இதைக் கட்டுரையாக எழுதித் தன் மேலதிகாரியான பெரிய டாக்டரிடம் கொடுக்க, அவர் தன் பேரை மட்டும் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். சங்கரன்கோவில் மண்ணை மிதிக்காத மனுஷன். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில்கூட என் மருமகன் பேர் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதன் பிறகு நாற்பது நாட்டு டாக்டர்கள் அந்தக் கட்டுரையை ஆதாரம் காட்டி அவர் பேரை எழுதினார்கள். நல்லகண்ணு கணக்கில் ஆறு பேர். ஆறும் அவனுக்கு வரவேண்டிய பேர்.

அதன் பிறகு சென்ற வருஷம், லண்டன் பத்திரிகைக்குப் படங்களோடு இரண்டாவது கட்டுரை எழுதுவதாகவும், பதினேழு படங்களையும் உடனே அனுப்பும்படியும் பெரிய டாக்டர் எனக்குக் கடிதம் எழுதினார். நான் அன்றே இருட்டறைக்குள் போய், கண்ணாடி நெகட்டிவ்களை முதுகு மாற்றி வைத்து அச்சுப் போட்டேன். அப்படிப் போட்டால் இடது கன்னம் வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். கை தவறிச் செய்ததல்ல. வேண்டுமென்றே, விசில் அடித்துக்கொண்டே செய்து அனுப்பினேன்.

அதன் பிறகு நல்லகண்ணுவின் குறிப்பை வைத்தே எழுதிய அந்தக் கட்டுரை வெளியாகி, எழுத்தில் இடது என்றிருக்கும் கன்னம் படத்தில் வலதாக இருக்கிறதே, இவர்களை நீர் நேரில் பார்த்ததுண்டா என்று லண்டனிலிருந்து கேட்டுவிட்டார்கள்.  அந்தச் சேதி வந்த அன்று என் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில், பதினாறு பெண்களுக்கு மூக்குத்தி இடது பக்கம், ஒருத்திக்கு மட்டும் வலது பக்கம். எங்கள் பக்கத்தில் ஒற்றை மூக்குத்தியை வலது பக்கம்தான் போடுவார்கள். அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்.

நேற்று நல்லகண்ணு ரயிலில் வந்து இறங்கி, "என்ன மாமா இப்படிச் செஞ்சிட்டிய? எழுதினது நான்லா. இனி அதை எவன் நம்புவான்?" என்று கேட்டான்.

"நம்பாட்டா போறான்லே. ஒன் பேரை முழுங்கினவனுக்கு வயிறு எரியுதா இல்லையா, அதைச் சொல்லு" என்றேன்.

"பதினாறையும் திருப்பினிய. அத்தையை மட்டும் ஏன் விட்டிய? அதுலதான மாட்டிக்கிட்டிய."

"அவ மொகத்தை எப்படிலே திருப்புவேன்" என்றேன்.

கண்ணாடிகள் பதினேழும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன; இடம் சொல்லமாட்டேன். கட்டுரையில் நல்லகண்ணு பேர் முதலாவதாக அச்சாகி வரும் அன்றைக்குப் பதினாறையும் நேராக அச்சுப் போட்டுக் கொடுப்பேன். பதினேழாவதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

ரைட்டர் வாசிக்கக் கேட்டேன். கவர்னர் சங்கதி நீங்கலாக மற்றதெல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான் என்று சம்மதித்துக் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) மூ. துரைப்பாண்டி