ஜெயிக்காத கோச்

யுத்தம் முடிந்த மறுவருஷம், மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன் பெஞ்சில் இரண்டு வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் குடை.

"தோக்கறதுக்கு ஒரு கோச் எதுக்கு ஓய்? அதைப் பசங்க தாங்களாவே பண்ணிப்பாளே!" என்றார் குடைக்காரர்.

"பாஸ்கெட்பால் டீம்ல உசரமான பசங்க அத்தனை பேரும் பட்டாளத்துக்குப் போயிட்டா, இன்னும் திரும்பலை. காலேஜ்ல மிச்சம் இருக்கறவாளை வெச்சுண்டு அவர் என்ன பண்ணுவார்?" என்றார் மற்றவர்.

"மிச்சமா? பந்து அவாளைவிடப் பெரிசா இருக்கு! ரெண்டு வருஷமா ஒரு ஆட்டம் ஜெயிக்கலை. பெரிய கோச்!"

"போன வருஷம் பாதி ஆட்டத்துலயே எழுந்து வந்துட்டீரே. நேத்து?"

குடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நேத்து முழுக்கப் பாத்தேன். பசங்களுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிடுத்து. அப்பவும் தோத்துட்டான், அந்தக் கோச் கடங்காரன்!"