இரண்டாவது கையெழுத்து

என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்து எழுந்தால், அதன் பிறகு ஒரு மணி நேரமாவது எனக்கு வேலை ஓடாது. இது ஒரு குறை என்று என் மனைவி ரங்கநாயகி சொல்வாள். இருக்கலாம். முப்பது பேர் வேலை பார்க்கும் ஆபீஸில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

நான் திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு மின்சாரக் கம்பெனியில் ஸ்விட்ச்போர்டு ஆபரேட்டர். பெயர் அழகிரி. கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் என்னிடம் நன்றாகவே நடந்துகொண்டார்கள். என் முன்னால் ஒன்பது கைப்பிடிகள் இருக்கும். மேலே தூக்கினால் ஊருக்கு மின்சாரம், கீழே இறக்கினால் எனக்குத் திட்டு. சுவரில் ஒரு கடிகாரம். வீட்டில் வானொலி மணிக்கு என் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, அதைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வேன். யாரும் செய்யச் சொன்னதில்லை. செய்ததற்கு யாரும் நன்றி சொன்னதும் இல்லை.

நாற்காலியில் உட்காரும் அந்த இன்னொருவர் லைன்மேன் தைரியராஜ். பாலக்கரைக்காரர். மழையில் நனைந்த காக்கிச் சட்டையோடு வந்து, ரங்கநாயகி தைத்துக் கொடுத்த மெத்தையின் மேல் உட்கார்ந்து, எனக்கு வந்த டீயில் பாதியை ஊற்றிக் குடித்துக்கொண்டே கோயில் பாட்டு ஒன்றை முனகுவார். ஆபீஸில் அவரைப் பிடிக்காதவர் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி இருதயமேரி எல்லோருக்கும் அச்சுமுறுக்கு கொடுத்தனுப்புவார். எனக்கு மட்டும் இரண்டு கூடுதலாக வரும். முறுக்கைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

லைன் கிளியர் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மின்கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்ய வேண்டுமானால், அந்த லைனில் நான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு புத்தகம் என் மேஜையில் இருக்கும். லைன்மேன் அதில் இரண்டு கையெழுத்துப் போட வேண்டும். முதல் கையெழுத்து, லைனை வாங்கிக்கொண்டேன் என்பதற்கு. இரண்டாவது, வேலை முடிந்தது, எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம், லைனைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்பதற்கு. இரண்டாவதை வேலை முடிந்த பிறகு, அதே ஆள், நேரில் வந்து, மணியும் குறித்துப் போட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நான் கைப்பிடியைத் தூக்கலாம்.

இந்த விதியை எழுதிய துரை, கண்டோன்மெண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குச் சைக்கிள் மிதித்திருக்க மாட்டார். காவிரிப் பாலத்தில் எதிர்காற்று அடித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு கையெழுத்துக்காக லைன்மேன் திரும்பி வந்து சேரும்வரை ஸ்ரீரங்கம் மின்சாரமில்லாமல் காத்திருக்கும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. புறப்படும்போதே இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுவார். மணியை மட்டும் காலியாக விட்டுவிடுவார். வேலை முடிந்ததும் தெற்குச் சித்திரை வீதி மருந்துக் கடையிலிருந்து போன் வரும். நான் மணியை எழுதிவிட்டுக் கைப்பிடியைத் தூக்குவேன். ஆறு வருஷம் இப்படித்தான் நடந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தைரியராஜ் பதினோரு மணிக்கு முடியும் என்றால் பதினொன்று இருபத்தைந்துக்குப் போன் வரும். போகிற வழியில் ஒரு டீ, தெரிந்தவர் ஒருவர், அவருடைய மாடு. அந்த இருபத்தைந்து நிமிஷமும் மற்ற போன்களெல்லாம் எனக்கு வரும்.

"ஏன் ஓய், பதினோரு மணிக்குக் கரண்டு வரும்னேளே! தொட்டியில ஒரு பொட்டு ஜலம் இல்லை. பெருமாளுக்குத் தளிகை எப்போ பண்றது?" என்பார் உத்தர வீதிப் பெரியவர் ஒருவர். நான் மன்னிப்புக் கேட்பேன். எதற்காக என்று எனக்கே தெரியாது.

பிறகு இன்ஜினியரிடமிருந்து மெமோ வரும், அதுவும் எனக்குத்தான். போர்டில் இருப்பவன் பெயர்தானே ரிகார்டில் இருக்கிறது. தைரியராஜை வராந்தாவில் பார்த்தால் இன்ஜினியர் தோளில் தட்டி, "என்னப்பா, இன்னிக்கும் லேட்டா?" என்று சிரிப்பார். என்னிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்பார். அறுபத்தொன்றில் மட்டும் மூன்று மெமோ. மூன்றாவதற்குப் பிறகு சூப்பர்வைசர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பதினாறு வருஷ சர்வீஸ். அன்றைக்கு எனக்கு நெஞ்சே வலித்தது.

தைரியராஜ் ஆறுதல் சொல்ல வந்தார். "விடுங்கண்ணே. சூப்பர்வைசர் ஆயிட்டா இந்த நாற்காலி போயிடும்ல?" என்றார், அதில் உட்கார்ந்துகொண்டு.

அந்த வருஷம் மார்கழியில், ஏகாதசிக்கு முந்தின வாரம், ஸ்ரீரங்கம் லைனில் கம்பத்தின் மேல் கம்பியைத் தாங்கும் பீங்கான்களைத் துடைக்கும் வேலை வந்தது. காலை ஒன்பதேகாலுக்குத் தைரியராஜ் வந்தார். என் பேனாவை எடுத்து இரண்டு கையெழுத்தும் போட்டார்.

"தைரியராஜ், திருப்பித் தர்ற மணியையும் நீங்களே போட்டுட்டுப் போங்க" என்றேன்.

"நான் என்னண்ணே, ஜோசியமா பாக்குறேன்?"

"சும்மா போடுங்க. மேல கேக்குறாங்க."

"பதினொன்றரை போட்டாப் போச்சு" என்று எழுதினார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கும், மிஷன் ஸ்கூலில் படித்தவர். என் பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "போயிட்டு வரேண்ணே" என்று கிளம்பினார். பேனாவைத் திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

தைரியராஜுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. லைனில் ஏறுமுன் எர்த் சங்கிலி ஒன்றை மாட்ட வேண்டும். தவறி மின்சாரம் வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும், ஆளைத் தொடாது. கனமான சங்கிலி. அதை அவர் உதவியாள் அடைக்கலத்தின் சைக்கிளிலேயே விட்டுவிடுவார். ஏன் மாட்டவில்லை என்று கேட்டால், "அழகிரி அண்ணன் போர்டுல இருக்கும்போது என்ன பயம்?" என்பார். ஆபீஸ் முழுக்க இந்தப் பேச்சு பிரசித்தம்.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் போன் வந்தது. பேசியது அடைக்கலம்.

"அண்ணே, தைரியராஜ் அண்ணன் இன்னும் கம்பத்து மேலதான் இருக்காரு. ரெண்டு பீங்கான் பாக்கி. ஒரு கால் மணி நேரம் சேத்துக்கச் சொன்னாரு."

"சரி" என்று வைத்தேன்.

எட்டு நிமிஷம் என்பது நீளமான நேரம். மேஜையைத் துடைத்தேன். மெத்தையைத் தட்டிப் போட்டேன். புத்தகத்தைத் திறந்து இரண்டாவது கையெழுத்தையும் அதன் பக்கத்தில் இருந்த மணியையும் இரண்டு தடவை படித்தேன். பதினொன்றரைக்குக் கைப்பிடியைத் தூக்கினேன். கடிகாரம் சரியாக இருந்தது.

கைப்பிடி தானாகக் கீழே விழுந்தது. லைனில் ஏதாவது பட்டிருந்தால் அப்படி விழும். அரை நிமிஷம் பொறுத்து இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கச் சொல்கிறது விதி. முப்பது வரை எண்ணிவிட்டுத் தூக்கினேன். இந்தத் தடவை நின்றது. அன்றைக்கு உத்தர வீதிப் பெரியவரிடமிருந்து போன் வரவில்லை.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. தான் போன் செய்ததாக அடைக்கலம் அழுதுகொண்டே சொன்னார். போன் பேச்சுக்கு எங்களிடம் புத்தகம் கிடையாது. லைன் கிளியருக்குத்தான் உண்டு. அதில் இறந்தவரின் கையெழுத்தும், இறந்தவரே எழுதிய மணியும் இருந்தன. சென்னையிலிருந்து வந்த அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரிகார்டை இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிற ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை" என்றார். பதினாறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சங்கிலியை மாட்டாததற்கும், பொய் சொன்னதற்கும் அடைக்கலத்தை வேலையைவிட்டு நீக்கினார்கள். தொட்டியம் பக்கம் வாழைத்தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி. என் பேனா தைரியராஜின் பொருள்களோடு திரும்பி வந்தது. நிப்பு மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த சித்திரையில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. விசாரணையில் யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை. முன்கூட்டியே இரண்டு கையெழுத்தும் போடும் ஏற்பாடு தைரியராஜுடையது இல்லை. ஐம்பத்தைந்தில், ஷிப்டு முடிந்த பிறகும் அவருக்காக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நான்தான் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "விதி இருக்குல்லண்ணே, பயமா இருக்கு" என்றார். அவர் தோளில் கைவைத்து, "நான் போர்டுல இருக்கும்போது என்ன பயம்?" என்று சொன்னவன் நான். அதைத்தான் அவர் ஆறு வருஷமாக எல்லோரிடமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருதயமேரிக்கு ஆபீஸில் தண்ணீர் எடுத்து வைக்கும் வேலை கிடைத்தது. மனு எழுதிக் கொடுத்தது நான். "உங்களை எங்க வீட்டுல தினமும் ஜெபத்துல நெனைக்கிறோம்ணே" என்று முதல் நாளே கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மெத்தை உறையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக்கொண்டு வருகிறார். நல்ல பெண்மணி. ஆனால் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வருவதால் தினமும் பத்து நிமிஷம் தாமதம். இரண்டு வருஷமாகப் பொறுத்திருக்கிறேன். போன மாதம் எனக்கு ஒரு மெமோ வந்தது.

வருகைப் பதிவேட்டில் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் பிள்ளைகளை அழைக்க ஓடும் அவசரத்தில் அவர் மறந்துவிடுகிறார். நேற்றுக் காலை பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தி, "சாயங்காலக் கையெழுத்தையும் இப்பவே போட்டுடுங்கம்மா" என்று என் பேனாவைக் கொடுத்தேன். அவர் தயங்கினார்.

"விதி இருக்குல்லண்ணே. பயமா இருக்கு."

"நான் இருக்கும்போது என்னம்மா பயம்?" என்றேன்.