ஊமைப் பூச்சிகள்

— கையை எடுங்க. அந்த ஹெட்ஃபோன் மேஜைமேலயே இருக்கட்டும். எங்க கம்பெனியில நான் சத்தம் சரிபண்ற சாம்பிள், இன்னும் கடைக்கே வரல. பஸ் ஓட்டுற உங்க பையில, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில எப்படிங்க வந்துச்சு?

— அதாவது, சிஸுரு... முதல்ல உட்காரு. சூப் ஆறுது.

— ஆறட்டும். யார் குடுத்தா?

— ஒருத்தர். கேட்டுப் பாருங்கன்னு குடுத்தாங்க.

— 'ஒருத்தர்.' சரி, மேல சொல்லுங்க. ஆம்பளையா, பொம்பளையா?

— இந்த வழுக்கைத் தலைக்கு எந்தப் பொம்பளை ஹெட்ஃபோன் மாட்டிவிடப் போறா?

— சிரிச்சு மழுப்பாதீங்க. பொம்பளையா இருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரியாது. காது மெத்தையைக் கழட்டிப் பார்த்துட்டேன். உள்ளே வட்டமா வெட்டின மெல்லிசுக் காகிதம். என் சத்தத்தை அமுக்கிவிட யாரோ திட்டம் போட்டு வெச்சிருக்காங்க.

— காகிதமா?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. மாட்டியும் கேட்டேன். ட்ரெபிள், அந்த மெல்லிசு உச்சச் சத்தமே, செத்துக் கிடக்கு. வயலின் பக்கத்துத் தெருவுல வாசிக்கிற மாதிரி இருக்கு. மாசக்கணக்கா உட்கார்ந்து, காதாலயே கூட்டிக் குறைச்சு நான் செஞ்ச சத்தம் இது இல்ல.

— எனக்கு என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு. ஆளுக்கு ஆள் காதோட ருசி வேறன்னு நீதானே சொல்லுவே?

— வேறதான். உங்க ருசி எனக்குத் தெரியாதா? இன்ஜின் பக்கத்துலயே உட்கார்ந்து உட்கார்ந்து, உங்களுக்கு பேஸ்ங்கிற கனத்த சத்தம் வயித்துல வந்து இடிக்கணும். பாடுறவங்க குரல் கெட்டியா முன்னால நிக்கணும். வயலின் இருந்தா என்ன, செத்தா என்ன. இந்தக் காகிதத்தை வெச்சது உங்க காது இல்ல. விஷயம் தெரிஞ்ச கை. எங்க ஆபீஸ் நிஷிவாக்கிதானே?

— ...

— சூப்பைப் பார்த்துக் குனிஞ்சுக்கிறீங்க. அப்போ அவன்தான்.

— அந்தத் தம்பி மேல ஏன் பாயறே?

— தம்பியா! எப்போலேருந்து தம்பி? காண்டாவுல ஒரு காபிக் கடையில உங்களை யாரோ சின்ன வயசுக்காரனோட பார்த்ததா எங்க ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா. நானும் டிப்போ ஆளா இருக்கும்னு விட்டுட்டேன். அவனா அது?

— அவனாத்தான் டிப்போவுக்குத் தேடி வந்தான். நானாப் போகல.

— எனக்குப் பக்கத்து மேஜையில உட்கார்ந்துகிட்டு, காலையில குனிஞ்சு வணக்கம் போட்டுட்டு, பின்னால என் வீட்டுக்காரருக்கே காபி வாங்கிக் குடுத்து வளைச்சிருக்கான். என் நாற்காலி வேணும் அவனுக்கு. இருக்கட்டும். நாளைக்குக் காலையில இதை முதலாளி முன்னால வைக்கிறேன். 'எனக்குத் தெரியாம இவன் இதுல கை வெச்சான்'னு சொல்றேன். அவன் வெளியே போகட்டும். அப்புறம் என் அசல் சாம்பிளுக்கு முத்திரை குத்திட்டு வர்றேன். அது அப்படியே தயாரிப்புக்குப் போயிடும்.

— அவன் வீட்டுல இப்பத்தான் குழந்தை பிறந்திருக்கு, சிஸுரு.

— அதையும் சொல்லி அழுதானா? காகிதம் வெட்டும்போதே யோசிச்சிருக்கணும்.

— கொஞ்சம் இரு. உன் அசல் சாம்பிளை ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்களா?

— கேக்காம?

— என்ன சொன்னாங்க?

— 'ரொம்பத் துல்லியமா இருக்கு'ன்னாங்க. முதலாளி 'இளமையா இருக்கு'ன்னார்.

— சொல்லிட்டு, இன்னொரு பாட்டு போடுங்கன்னு யாராவது கேட்டாங்களா?

— எல்லாருக்கும் வேலை இருந்துச்சு. என்ன கேள்வி இது? நல்லா இல்லைன்னா சொல்லியிருக்க மாட்டாங்களா?

— உன்கிட்டயா? எங்க டிப்போ மேனேஜர் கரோக்கேயில மைக் பிடிச்சுக் கழுதையாக் கத்தினாக்கூட, 'உருக்கமா இருந்துச்சு'ன்னுதான் நாங்க கை தட்டுறோம்.

— அவரும் நானும் ஒண்ணா? ஊர்ல பாதிப் பேர் காதுல இருக்கிறது என் சத்தம்.

— அதான் யாரும் வாயைத் திறக்கல. அதாவது... அவன் என்கிட்ட ரெண்டு ஹெட்ஃபோன் குடுத்தான். ஒண்ணு உன் அசல். அதை மாட்டினேன். பாதிப் பாட்டுலயே கழட்டிட்டேன். காதுல ஊசி குத்தின மாதிரி வலி.

— பஸ் டிரைவர் காதுக்கு அப்படித்தான் இருக்கும். ட்ரெபிளை நான் வேணும்னேதான் ஏத்தினேன். இப்பல்லாம் உள்ளே போடுறதுக்கு வர்ற சாமானே மந்தமாத்தான் கேக்குது. ரெண்டு மூணு மாடலா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டுத்தான் வர்றேன். சப்ளை பண்றவன் மட்டமான சரக்கைத் தள்ளிவிடுறான். கேட்டா, 'அதே சரக்குதாம்மா'ன்னு சாதிக்கிறான்.

— அதே சரக்கா இருந்தா?

— இல்லைங்கிறேன்!

— சரி. அப்புறம் காகிதம் வெச்சதை மாட்டினேன். அகிஹபாரா கடையில நீ வேலை பார்த்தப்போ எனக்கு ஒண்ணு மாட்டிவிட்டியே, நீயே செஞ்ச முதல் ஹெட்ஃபோன்? வாங்குறதுக்கு வக்கில்லாம, தினம் வந்து நின்னு கேட்டுட்டுப் போவேனே? அதே சத்தம். ஷிஃப்ட் முடிஞ்ச காலி பஸ்ல உட்கார்ந்து அழுதுட்டேன். அவன் உன் சத்தத்தைக் கெடுக்கல, சிஸுரு. தேடிப் பிடிச்சு எடுத்துட்டு வந்திருக்கான்.

— அப்போ கெடுத்தது நான்.

— நான் அப்படிச் சொல்லலையே.

— பூசி மெழுகாதீங்க. அவ்வளவு நல்லவனா இருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?

— அவனுக்கு வாய் வரல. 'அக்காவை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும், கோசாகு அண்ணே, நீங்கதான் எப்படியாவது சொல்லணும்'னான். எனக்கும் வாய் வரல. அதான் அது பையிலயே கிடந்துச்சு.

— என்னத்தைச் சொல்லணும்? எல்லாரும் கூட்டுச் சேர்ந்து என் தலையில மிளகாய் அரைக்கிறீங்க. ஆபீஸ்தான் அப்படின்னா கடையும் அப்படி. ஜுரம் பார்க்கத் தெர்மாமீட்டர் வாங்கினேன், முடிஞ்சா பீப்னு அடிக்கணும், அடிக்கவே இல்ல. சண்டை போட்டு மாத்தினேன், அதுவும் ஊமை. நீங்க போய் மணிப்பூச்சின்னு நாலு வாங்கிட்டு வந்தீங்க. மணி மாதிரி பாடும், வீட்டுக்குள்ள உட்கார்ந்தே இலையுதிர்காலத்தை அனுபவிக்கலாம்னீங்க. அதோ, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கு. வேளாவேளைக்குக் கத்திரிக்காய்த் துண்டு குத்தி வைக்கிறேன். ஒரு முனகல் உண்டா?

— ...

— பாட்டுப் பாடுறது ஆண் பூச்சிதான். கடைக்காரன் நாலும் பொட்டையாப் பார்த்து உங்க தலையில கட்டிட்டான். அதுல பக்கத்து வீட்டு ஹமாசாகி அம்மா வேற. லிஃப்ட்ல என்னை நிறுத்தி, 'உங்க வீட்டுப் பூச்சிங்க ராத்திரி பூரா எவ்வளவு நல்லாப் பாடுது'ங்கிறாங்க. என்ன நக்கல் பாருங்க!

— நீ என்ன சொன்னே?

— விடுவேனா? 'அவ்வளவு பிடிச்சிருந்தா பெட்டியை உங்க சுவர்ப் பக்கமாவே வைக்கிறேன்'னேன். 'ரொம்ப நன்றி'ன்னு குனிஞ்சாங்க. வந்த கையோட ஜன்னலோரம், அவங்க சுவரை ஒட்டி நகர்த்தி வெச்சுட்டேன்.

— ஐயோ, சிஸுரு.

— என்ன ஐயோ? இன்னும் என்ன மறைக்கிறீங்க?

— நாளைக்கு நீ அந்தப் பையனைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால, எனக்காக ஒண்ணு செய். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம இருப்போம்.

— எதுக்கு?

— சும்மா. என்னென்ன கேக்குதுன்னு சொல்லு. உன் வேலைதானே அது?

— ...

— ...

— கீழே லாரி போகுது. மாடியில யாரோ நடக்கிறாங்க. ஃபிரிட்ஜ் உறுமுது. உங்க மூச்சுகூடக் கேக்குது. போதுமா?

— வேற?

— வேற என்ன, வேற ஒண்ணும் இல்ல. எதுக்கு இப்படி ஜன்னலையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்க்கிறீங்க? ஏங்க, கண்ணு ஏன் கலங்குது?

— ஹமாசாகி அம்மா நக்கல் பண்ணல, சிஸுரு, மரியாதையாப் புகார் சொன்னாங்க. அவங்களுக்கு நிஜமாவே தூக்கம் போச்சு. அந்த நாலும் சாயங்காலத்துலேருந்து இந்த நிமிஷம் வரைக்கும் விடாம கத்திக்கிட்டுத்தான் இருக்கு.